முப்பத்துநாலு இன்ச்

"சாதாரணமா ஒரு வீட்டு மேசையில இந்த முப்பத்துநாலு இன்ச் மானிட்டர் நிக்குமா, சத்தியதாஸ்?"

பிஜி மேடம் கேட்டதுமே சத்தியதாசுக்கு விஷயம் பிடிபட்டுவிட்டது. வீட்டில் ஜன்னலோரம் கிடக்கும் தன் மேசையை மனத்துக்குள் அளந்து பார்த்தான். "தாராளமா நிக்கும் மேடம். எண்பது சென்டிமீட்டருக்குக் கொஞ்சம் கூட, அவ்வளவுதான்" என்றான்.

கழக்கூட்டத்தில் இருந்த அந்தச் சின்ன அலுவலகத்தில் அமெரிக்க ஆஸ்பத்திரி பில்களைச் சரிபார்க்கும் வேலை. ஜெபமலர் நோயாளியின் ரிப்போர்ட்டைப் படித்துக் குறிப்பெடுப்பாள். சத்தியதாஸ் அதை இன்சூரன்ஸ் படிவத்தோடு ஒத்துப் பார்ப்பான். ஆறு வருஷமாக இருவருக்கும் பக்கத்துப் பக்கத்து நாற்காலி.

பிஜி மேடம் குரலைத் தாழ்த்தினார். பாறசாலைக்காரர், பேசும் தமிழில் பாதி மலையாளம். "ரெண்டு பேரு வேலைய ஒரு ஆள் வீட்டுலேந்து செய்தா மதி, போதும்னு மேல தீருமானிச்சாச்சு. ரிப்போர்ட்டும் ஃபார்மும் ஒரே ஸ்கிரீன்ல வரணும், விலையும் கூடக் கூடாது. உங்களுக்குத்தானே இதெல்லாம் அறியும்? நல்லதா ஒண்ணு பாருங்க. யாருகிட்டயும் சொல்லண்டா, கேட்டோ?"

அது உண்மைதான். அலுவலகத்தில் மானிட்டரைப் பற்றித் தெரிந்தவன் அவன் ஒருவன்தான். கார் ரேஸ் விளையாட்டில் அவனுக்குப் பைத்தியம். வீட்டில் இருக்கும் பழைய திரையில் வளைவு வந்தால் பாதி ரோடு தெரியாது. புதிது வாங்கலாம் என்று வாயெடுத்தாலே மனைவி அஜிதா முறைப்பாள். இப்போது கம்பெனியே வாங்கித் தரப்போகிறது.

மூன்று நாள் ரிவியூக்களாகப் பார்த்துத் தள்ளினான். இருபத்தொன்பது இன்ச் விலை குறைவு, ஆனால் உயரம் போதாது. கடைசியில் லேசாக வளைந்த ஒரு முப்பத்துநாலு இன்ச் அகப்பட்டது. எழுத்து துல்லியம், விலையும் கைக்கடக்கம்.

"அதுக்கு எதுக்கு நூத்தறுபத்தஞ்சு ஹெர்ட்ஸ்? பில்லு பாக்க அது வேணுமா?" என்று பிஜி மேடம் புருவத்தைச் சுருக்கினார்.

"பக்கத்த உருட்டும்போது எழுத்து அலையாது மேடம். கண்ணுக்கு நல்லது" என்றான். காரும் அலையாது என்பதைச் சொல்லவில்லை.

"சரி. ஸ்டாண்டு நல்லா கீழ எறங்குமா?"

"எறங்கும் மேடம்" என்று, திரையில் இருந்த விவரத்தைப் படித்துச் சொன்னான்.

அன்று மத்தியானம் ஜெபமலர் எட்டிப் பார்த்துவிட்டாள். நாற்காலியில் மெத்தை போட்டு உட்கார்ந்து, கால் தரைக்கு எட்டாமல், பேப்பர் கட்டின் மேல் கால் வைத்து வேலை பார்க்கிறவள் அவள். "என்னண்ணே, டிவி வாங்கப் போறீங்களா?"

"சும்மா, கேம் விளையாட" என்றான்.

"மாறி மாறிப் பாத்து எனக்குக் கழுத்தே போச்சு. நமக்கும் இப்பிடி ஒண்ணு தந்தா என்ன? மேடத்துக்கிட்ட நீங்க ஒரு வார்த்த கேளுங்கண்ணே."

"கேக்கேன்" என்று சொல்லிவிட்டு அந்தப் பக்கத்தை மூடினான்.

மறுநாள் பிஜி மேடம் கூப்பிட்டார். "ஒரு ஆளு மதின்னு நீங்களே ஒரு மெயில் போட்டா மேல உள்ளவங்களுக்கு ஒரு உறப்பா, உறுதியா இருக்கும். வேலை அறியிற ஆளு சொன்ன மாதிரி ஆகுமில்லே?"

மெயிலைத் திறந்ததும் பக்கத்து நாற்காலி கண்ணில் பட்டது. ஜெபமலரின் புருஷன் துறைமுகத்தில் கீழே விழுந்து ஆறு மாசமாக வீட்டில் கிடக்கிறான். பள்ளிக்கூடம் போகும் பிள்ளைகள் இரண்டு. மீன் குழம்பு வைத்தால் இவனுக்கென்று தனி டப்பாவில் கொண்டு வருவாள்.

அவளுக்கென்ன, வேறு எங்காவது கிடைக்கும் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டான். 'இந்த மானிட்டர் இருந்தால் இந்த வேலைக்கு ஒருவர் தாராளமாகப் போதும். இரண்டாவது ஆள் வீண் செலவு' என்று தட்டி, கீழே தன் பெயரைப் போட்டு அனுப்பினான்.

வெள்ளிக்கிழமை ஒப்புதல் வந்துவிட்டது. ஜெபமலர் காலையில் பிஜி மேடத்தின் அறைக்குள் போய்விட்டு, கண் சிவந்து வெளியே வந்தாள். சத்தியதாசின் முகத்தைப் பார்க்கவே இல்லை. அரைநாள் லீவு சொல்லிவிட்டுப் பையை எடுத்துக்கொண்டு கிளம்பினாள்.

கொஞ்ச நேரத்தில் பிஜி மேடம் அவனை உள்ளே அழைத்தார். "ஆர்டர நீங்களே போட்டுருங்க. எனக்கு இந்த சைட்டு ஒண்ணும் அறியாது" என்று தன் நாற்காலியை விட்டு எழுந்து நின்றார்.

உட்கார்ந்தபடியே, "ஜெபமலர்கிட்ட சொல்லிட்டீங்களா மேடம்?" என்று கேட்டான்.

"காலையிலேயே சொல்லியாச்சு. பாவம், ஒரே கரச்சல். கண்டப்போ எனக்கும் விஷமமா, சங்கடமாப் போச்சு."

சத்தியதாசுக்குப் பாவமாகத்தான் இருந்தது. ஆனாலும் அந்த அழுகை தன் எதிரில் நடக்காமல் போனதே என்று ஒரு நிம்மதி. இனி பஸ் நெரிசல் இல்லை, தினமும் வீட்டில் வேலை. வேலை முடிந்த கையோடு அதே திரையில் கார் ஓட்டலாம்.

மானிட்டரைத் தேர்ந்தெடுத்தான். டெலிவரி விலாசம் கேட்டது. வீட்டு எண், தெரு, கரமனை என்று மளமளவென்று அடித்துக்கொண்டே போனான்.

பின்னால் நின்ற பிஜி மேடம் குனிந்து திரையைப் பார்த்தார்.

"அதென்ன கரமனை, சத்தியதாஸ்? ஜெபமலரோட வீடு விழிஞ்ஞத்துல அல்லே?"