சிறந்த குடியிருப்பாளர்

“நூத்துக்கு நூறு! பதினேழாம் நம்பர் வீட்டுக்குத்தான் விருது!” என்று மேசையைத் தட்டினார் சங்கத் தலைவர்.

குடியிருப்போர் நலச் சங்கத்தின் ‘சிறந்த குடியிருப்பாளர்’ விருதுக்காக, கடந்த ஆறு மாத நடத்தைக்கு மதிப்பெண் போடும் வேலை காலையிலிருந்து நடந்துகொண்டிருந்தது. வண்டியைத் தெருவில் நிறுத்தினால் ஐந்து குறையும். குப்பையைப் பிரிக்காமல் போட்டால் பத்து, சங்கத்தைக் குறை சொன்னால் இருபது. பாதித் தெரு பூஜ்யத்துக்குக் கீழே கிடந்தது. தலைவர் வீடும் செயலாளர் வீடும் போட்டியில் இல்லை; தங்களுக்கு மதிப்பெண் போடும் தகுதி இந்தத் தெருவில் எவருக்கும் இல்லை என்பது அவர்களுடைய அடக்கமான கருத்து.

“பதினேழா? நம்ம பள்ளம் சாரா?” மருந்துக்கடைக்காரர் வாயைப் பிளந்தார். அவர் சங்கத்தின் துணைத் தலைவர். தலைவர் சொல்வதற்குத் தலையாட்டுவது தவிர அவருக்கு வேறு பொறுப்பு கிடையாது.

பட்டப்பெயர் தலைவர் வைத்ததுதான். பதினேழாம் நம்பர் வாசலில் சாக்கடை மூடி உடைந்து, ஆளை விழுங்குகிற மாதிரி ஒரு பள்ளம். அந்த வீட்டுக்காரர் ஓய்வுபெற்ற கணக்கு வாத்தியார். விடிந்தால் எழுந்தால் சங்கத்தின் வாட்ஸ்அப் குழுவில், “வாசல் பள்ளம், நினைவூட்டல் நாற்பத்தொன்று” என்று எண் போட்டு எழுதுவார். ஒரு மூடி வாங்கிப் போடச் சங்கத்துக்கு எங்கே நேரம்? அப்போது சங்கத்தின் சின்னத்தில் புறா இருப்பதா, கைகுலுக்கல் இருப்பதா என்று ஐந்து கூட்டங்களாக வாக்குவாதம் நடந்துகொண்டிருந்தது.

“அவரைத் திருத்தினதே நான்தானே!” தலைவர் சட்டையை இழுத்து விட்டுக்கொண்டார். “எல்லாரையும் வச்சுக்கிட்டு, ‘உங்களுக்கு வேற பொழப்பே இல்லையா வாத்தியாரே’ன்னு கேட்டேன் பாருங்க. மறுவாரம் கடைசியா ஒரு தடவை ‘வாசல் பள்ளம்’னு ஆரம்பிச்சார். நான் படிக்கக்கூட இல்ல. அதோட மனுஷன் பெட்டிப் பாம்பா அடங்கிட்டார். ஏழு மாசமாச்சு, மூச்சு விடணுமே! சத்தம் இல்ல, குப்பை இல்ல, புகார் இல்ல. அடியாத மாடு படியாதுய்யா.”

பேசிக்கொண்டிருக்கும்போதே கைபேசி சிணுங்கியது. தலைவர் திரையைப் பார்க்காமலே கட்டைவிரல் படத்தைத் தட்டினார். செயலாளரும் மருந்துக்கடைக்காரரும் அவசர அவசரமாகத் தட்டினார்கள்.

“என்ன விஷயமாம் சார்?”

“என்னவோ. தட்டியாச்சுல்ல, விடுங்க.”

அது போன வருஷமே தலைவர் கொண்டுவந்த சட்டம். குழுவில் எந்தச் செய்தி வந்தாலும் ஐந்து நிமிடத்துக்குள் எல்லோரும் கட்டைவிரல் காட்ட வேண்டும். காட்டாதவர் பெயரை அடுத்த கூட்டத்தில் எழுந்து நின்று வாசிப்பார்கள் என்று மிரட்டல்; யார் காட்டவில்லை என்று இதுவரை எவரும் எண்ணிப் பார்த்ததில்லை. தெருவில் ஒற்றுமை வளர இதைவிட நல்ல வழி இல்லை என்று தலைவர் நம்பினார். செய்தியைப் படிக்க வேண்டும் என்று சட்டத்தில் எங்கும் இல்லை.

கேடயம், பூங்கொத்து, கேமரா சகிதம் மூவரும் கிளம்பினார்கள். ஆண்டு மலர் அன்று மாலையே அச்சுக்குப் போக வேண்டும். அட்டையில் தலைவர் விருது கொடுக்கும் படம் வந்தே தீர வேண்டும்.

பதினேழாம் நம்பர் வாசலில் பள்ளம் அப்படியேதான் இருந்தது. செயலாளர் கால்சட்டையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு தாண்டினார்.

“பார்த்துய்யா, படத்துல பள்ளம் தெரியக் கூடாது” என்றார் தலைவர்.

கதவைத் திறந்தது வாத்தியாரின் மனைவி. அவருக்குப் பின்னால் கூடத்தில் அட்டைப் பெட்டிகள் கயிறு கட்டி அடுக்கியிருந்தன.

“வீட்டைச் சுத்தம் பண்றீங்களா? ரொம்ப நல்லது. சாரைக் கூப்பிடுங்கம்மா. அமைதிக்கும் ஒத்துழைப்புக்கும் இந்த வருஷம் அவருக்குத்தான் விருது!”

அந்த அம்மாள் கேடயத்தில் இருந்த எழுத்துகளை மெதுவாகப் படித்தார்.

“அவர் இல்லைங்க.”

“வெளியில போயிருக்காரா? பரவாயில்ல, காத்திருக்கோம்.”

“அவர் இறந்து ஏழு மாசமாச்சு. இதோ, இந்தப் பள்ளத்துல விழுந்துதான். மண்டையில அடி. தெருவோட போன ஒரு லாரிக்காரர்தான் ஆஸ்பத்திரிக்குத் தூக்கிப் போட்டுக்கிட்டுப் போனார். ஆனா நேரமாயிடுச்சுன்னுட்டாங்க. அங்கிருந்தே அவரை எங்க அண்ணன் ஊருக்குக் கொண்டுபோயிட்டேன்; காரியமெல்லாம் அங்கதான். இன்னைக்குத்தான் சாமான் எடுக்க வந்தேன்.”

மருந்துக்கடைக்காரர் பூங்கொத்தை முதுகுக்குப் பின்னால் மறைத்துக்கொண்டார். தலைவருக்கும் முகம் வெளுத்தது, ஆனால் ஒரு கணம்தான். தப்பை அடுத்தவர் தலையில் இறக்கிவைத்துப் பழகியவர் அவர்.

“என்னம்மா நீங்க? இவ்வளவு பெரிய சங்கம் எதுக்கு இருக்கு? ஒரு வார்த்தை சொல்லியிருந்தா நாங்க ஓடி வந்திருக்க மாட்டோமா?”

“சொன்னேங்க. அவர் விழுந்து கிடக்கும்போதே அவர் போன்ல இருந்து குரூப்ல போட்டேன். ‘வாசல் பள்ளத்தில் விழுந்துவிட்டார், என்னால் தூக்க முடியவில்லை, யாராவது வாருங்கள்’னு.”

“போட்டீங்களா? அப்புறம்?”

“அறுபத்தெட்டு பேரும் கட்டைவிரல் காட்டினீங்க.”