குதிகால்

"அந்த வயர் கழண்டு கிடக்கு சார். அதை மாட்டற வரைக்கும் ஓட்டம் கிடையாது" என்றாள் கேமராக்காரி.

நடுவர் எரிச்சலோடு விசிலை வாயிலிருந்து எடுத்தார். "ஒரு வயருக்காக எல்லாப் பொண்ணுங்களையும் வெயில்ல நிறுத்தி வைக்கணுமா? ரெண்டு கேமராவும் ஓடிக்கிட்டுத்தானே இருக்கு?"

"ஓடுது. ஆளுக்கொரு நேரத்துல ஓடுது. அதுல என்ன பிரயோஜனம்?"

தொடக்கக் கோட்டுக்குப் பின்னால் இரண்டு கேமராக்கள் நின்றன. ஒன்று சாதாரணமானது. ஆட்களைத் தெளிவாகப் பிடிக்கும். ஒரு படத்துக்கும் அடுத்த படத்துக்கும் நடுவில் நடந்ததைக் கோட்டைவிட்டுவிடும். மற்றது அசைவை மட்டுமே பார்க்கும் பிறவி. ஒரு குதிகால் துடித்தாலும் திரையில் புள்ளிகளாகக் காட்டிவிடும். யாருடைய குதிகால் என்று சொல்லத் தெரியாது. ஓட்டத்தைத் தொடங்கிவைக்கும் துப்பாக்கி வெடிக்கும்போது, அதிலிருந்து அந்த வயர் வழியே ஒரே மின்துடிப்பு இரண்டுக்கும் போனால்தான் இரண்டு சாட்சியும் ஒன்றாகப் பேசும்.

மூன்றாவது பாதைப் பெண்ணின் பயிற்சியாளர், வயதானவர், வரிந்துகட்டிக்கொண்டு வந்தார். "போன வருஷம் வெறுங்கண்ணால பார்த்துட்டு, முந்திக் கிளம்பிட்டாள்னு எங்க பொண்ணை வெளிய அனுப்பினாங்க. இன்னிக்கும் அப்படி ஆச்சுன்னா அவ ஓடறதையே விட்டுடுவா. முதல்ல வர்றவளுக்குத்தான் அணியில இடம். நீயாவது நியாயமா இரும்மா."

"அதுக்குத்தான் மாட்டறேன்."

"ஓடற பிள்ளைங்களை ஒரு தடவை நிமிர்ந்து பாரேன். காலையிலேர்ந்து வயரையே பார்த்துக்கிட்டிருக்கே."

அவள் அப்போதும் நிமிரவில்லை. திருகை இறுக்கினாள். வயரை இழுத்துப் பார்த்தாள். "இப்ப சுடலாம் சார்."

துப்பாக்கி வெடித்தது. உடனே விசிலும் ஒலித்தது. நடுவரின் சிவப்பு அட்டை மூன்றாவது பாதையை நோக்கி நீண்டது. அந்தப் பெண் தரையிலேயே உட்கார்ந்துவிட்டாள்.

"சார், கொஞ்சம் இருங்க." கேமராக்காரி பதிவை ஓட்டிப் பார்த்தாள். மறுபடியும் ஓட்டினாள். மூன்றாவது முறையும் ஓட்டினாள். "மூணு இல்ல. அவ சத்தம் கேட்டப்புறம்தான் கிளம்பியிருக்கா. அதுக்கு முன்னாடியே அசைஞ்சது நாலாவது பாதை. இது புள்ளி. இது அதே நேரத்துப் படம்."

நடுவர் குனிந்து இரண்டையும் பார்த்தார். அட்டை பக்கத்துப் பாதைக்கு நகர்ந்தது.

மறுபடி நடந்த ஓட்டத்தில் மூன்றாவது பாதைப் பெண்தான் முதலில் வந்தாள். பயிற்சியாளர் கேமராக்காரியிடம் ஓடிவந்து, அவள் கையைப் பிடித்துவிட்டுக் கண்ணைத் துடைத்துக்கொண்டு போனார்.

மைதானம் காலியானது. அவள் வயர்களைச் சுருட்டிக்கொண்டிருந்தாள். நான்காவது பாதையிலிருந்து வெளியேற்றப்பட்ட பெண், அழுது வீங்கிய முகத்தோடு பக்கத்தில் வந்து நின்றாள்.

"அந்த வயர் தானாத்தானே கழண்டு கிடந்துச்சு? அப்படியே விட்டிருக்கலாம்ல?" என்று கேட்டாள், கேமராக்காரியின் மகள்.