நீல பிளாஸ்டர்

'கீ...ங்' என்று மிஷின் அலறியது. ஓடிக்கொண்டிருந்த பெல்ட் சட்டென்று நின்றது.

மூடி போட்ட பிளாஸ்டிக் சாப்பாட்டு டப்பாக்கள் வரிசையாக நின்றன. ஒரே ஒரு டப்பா மட்டும் மிஷினின் வாய்க்குள் பாதி போயும் போகாமலும் இருந்தது. மேலே சிவப்பு விளக்கு சுழன்றது.

சாப்பாட்டில் உலோகத் துணுக்கு கலந்திருந்தால் கத்துகிற மிஷின் அது.

"கையில இருக்கறதை அப்படியே வச்சிட்டு எல்லாரும் தள்ளி நில்லுங்க!" என்றார் சூப்பர்வைசர்.

காய் வெட்டுகிறவள் கத்தியைப் பலகை ஓரமாக வைத்தாள். வைத்தபோதுதான் இடது ஆள்காட்டி விரல் என்னவோபோல் இருந்தது. கையுறையைக் கழற்றினாள்.

விரல் நுனி ஊறி வெளுத்திருந்தது. அதன் நடுவில் காலையில் பட்ட வெட்டு, சின்னச் சிவப்புக் கோடாக.

பிளாஸ்டரைக் காணோம்.

கையுறையை உதறிப் பார்த்தாள். அதிலும் இல்லை.

காலையில் அதை ஒட்டிவிட்டவரே சூப்பர்வைசர்தான். நீல பிளாஸ்டர். சாப்பிடுகிற பொருள் எதுவும் அந்த நிறத்தில் இருக்காது, விழுந்தால் கண்ணில் படும் என்பதற்காக நீலம். கண்ணுக்குத் தப்பினாலும் மிஷினுக்குத் தப்பக் கூடாது என்று உள்ளே மெல்லிய உலோகத் தகடு. வாங்கும்போது நோட்டில் ஒரு கையெழுத்து. வேலை முடிந்து திருப்பிக் கொடுக்கும்போது இன்னொன்று.

போன வருஷம் ஒருத்தி திருப்பிக் கொடுக்கவில்லை. மறுநாள் அவளுடைய அலமாரியில் வேறு பெயர் ஒட்டியிருந்தது.

வேலை போனால் போகட்டும் என்று சொல்கிற நிலையில் இவள் இல்லை. அதைவிடப் பெரிய சங்கடம், சூப்பர்வைசர் இவளுடைய அக்கா புருஷன். வீட்டில் அத்தான், இங்கே சார். 'என் மச்சினி, அவளுக்கு நான் பொறுப்பு' என்று மேனேஜரிடம் வாய்விட்டுச் சொல்லிச் சேர்த்துவிட்டவர். அவர் தலை குனிந்தால் அக்கா முகத்தில் எப்படி விழிப்பது?

காலையிலிருந்து நாலு முறை கையுறை மாற்றியிருக்கிறாள். எப்போது கழன்றதோ? காலையிலேயே வண்டியேறிப் போன ஆஸ்பத்திரிச் சாப்பாட்டுக்குக் கேரட் நறுக்கியபோதா, பள்ளிக்கூடத்துக்கு பீன்ஸ் நறுக்கியபோதா?

மெதுவாகக் குப்பைத் தொட்டிப் பக்கம் நகர்ந்து, காலால் மிதித்து மூடியைத் திறந்தாள். கசங்கிய கையுறைகள். கேரட் தோல். நீலமாக எதுவும் தெரியவில்லை.

"என்னக்கா, குப்பையில புதையலா?" என்றாள் டப்பா மூடுகிற ரேடியோ. ஓயாமல் பேசுவதால் வந்த பெயர்.

"சும்மா இருடி."

சூப்பர்வைசர் அந்த டப்பாவைத் தனி மேஜைக்குக் கொண்டுபோய்த் திறந்தார். ஒரு கரண்டியால் சோற்றைக் கொஞ்சம் கொஞ்சமாக ஒதுக்கினார். நிமிர்ந்து கடிகாரத்தைப் பார்த்தார். பதினொன்றரை. பள்ளிக்கூட வண்டி வாசலில் நின்றுகொண்டிருந்தது.

கரண்டி ஒதுக்க ஒதுக்க இவள் கண் அதிலேயே இருந்தது. விரலை ஏப்ரனுக்குள் மறைத்தாள். இன்னும் நாலு கரண்டி. அப்புறம் அவரே எடுத்துவிடுவார். அவர் எடுத்து, நோட்டைப் புரட்டி, எல்லார் முன்னாலும் தன் பெயரை வாசிப்பதைவிட...

கையை வெளியே எடுத்துவிட்டாள்.

"சார்... அது என்னோடதுதான். காலையில நீங்க ஒட்டிவிட்ட பிளாஸ்டர்."

ரேடியோ எக்கிப் பார்த்தாள்.

சூப்பர்வைசர் திரும்பி இவளைப் பார்த்தார். விரலைப் பார்த்தார். பிறகு கரண்டியை வெளிச்சத்துக்கு நேராகத் தூக்கினார்.

கரண்டி நுனியில் தலைமுடி கனத்தில் ஒரு கம்பி இழை சுருண்டிருந்தது.

"பாத்திரம் தேய்க்கிற கம்பி நார். இது உள்ள வரவே கூடாதுன்னு எத்தனை தடவை தலைதலையா அடிச்சுக்கிறது?"

யாரோ 'அப்பாடா' என்றார்கள். ரேடியோ கிளுக்கென்று சிரித்தாள். "நல்லவேளை, அக்கா அழுதிருந்தா குழம்புல உப்பு கூடியிருக்கும்!"

இவளுக்குப் போன உயிர் திரும்பி வந்தது.

"அப்ப உன்னோடது எங்க?" என்றார் சூப்பர்வைசர். கரண்டியை இன்னும் கீழே வைக்கவில்லை.

"குப்பையிலதான் சார் எங்கயாவது கிடக்கும். கையுறையோட சேர்ந்து போயிருக்கும், கொட்டித் தேடி எடுத்துடறேன்." தைரியம் வந்ததும் பேச்சும் தாராளமாக வந்தது. "சாப்பாட்டுல விழுந்திருந்தா மிஷின் சும்மா விடுமா? தலைமுடி மாதிரி இருக்கற கம்பிக்கே இந்தக் கத்து கத்துது. காலையில ஆஸ்பத்திரி டப்பா போறப்பவே ஊரைக் கூட்டியிருக்காது?"

அவர் கையிலிருந்த கரண்டி மேஜையில் விழுந்தது.

சட்டைப்பையிலிருந்து போனை எடுத்தார். ஏதோ ஓர் எண்ணை அழுத்தினார். தப்பாகிவிட்டது போலிருக்கிறது, மறுபடியும் அழுத்தினார்.

"என்ன அத்தான்?" இடம் மறந்து கேட்டுவிட்டாள்.

அவர் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டார். மெதுவாகத்தான் பேசினார். பெல்ட் ஓடாததால் எல்லோருக்கும் கேட்டது.

"ஆஸ்பத்திரியா? நாங்க அனுப்பின டப்பா ஒண்ணையும் யாரும் பிரிக்க வேண்டாம்... ஆமாங்க, எல்லாத்தையும்தான்... வண்டிக்கு நேரமாயிடுச்சுன்னு நான்தான் மிஷின்ல விடாமலேயே ஏத்திட்டேன்."