கெட்டித்த துப்பாக்கி

அவள் வாசற்படியிலேயே நின்றுவிட்டாள்.

உள்ளே மகள் சம்மணமிட்டு உட்கார்ந்திருந்தாள். மடியில் அப்பாவின் நாட்டுத் துப்பாக்கி.

குழல் அவளைவிட நீளம். அதன் வாய், பாயில் தூங்கிக்கொண்டிருந்த அவள் புருஷனின் காதுக்கு நேராக இருந்தது.

மரவள்ளிக் கொல்லையில் பன்றிக்குக் காவல் இருந்துவிட்டு விடிந்த பிறகுதான் வந்து படுத்திருந்தான். பன்றி வரவில்லை. வாய்வழியாக இடித்துக் கெட்டித்த மருந்தும் ஈயமும் குழலுக்குள் அப்படியே இருந்தன.

அதைக் காலி செய்யச் சுட்டுத்தான் ஆகவேண்டும். மருந்து வீணாகும் என்று இந்த மலையில் யாரும் சுடுவதில்லை. பற்றவைக்கும் பொட்டை மட்டும் எடுத்துவிட்டுச் சுவரில் சாய்த்துவிடுவார்கள்.

'பொட்டு இல்லாட்டி அது வெறும் ஒலக்க.' எல்லா வீட்டு ஆண்களும் சொல்வது இது.

நேற்று தீபாவளி.

வீடெல்லாம் பொட்டு. பாயில், அடுப்படியில், மகளின் உள்ளங்கையில். அவளுடைய பொம்மைத் துப்பாக்கிக்குச் சந்தையில் வாங்கிய சிவப்புப் பொட்டு வெடி. அதையேதான் அவனும் பன்றி சுடும் துப்பாக்கியில் வைப்பான்.

இப்போது அதில் ஒன்று, பெரிய துப்பாக்கியில், இருக்க வேண்டிய இடத்தில் சரியாக இருந்தது.

மகள் இரண்டு கட்டைவிரல்களாலும், பொட்டை அடிக்கும் குதிரையைப் பின்னுக்கு இழுத்துக்கொண்டிருந்தாள். பாதி தூக்கிவிட்டாள். நகங்கள் வெளுத்திருந்தன. விரல் வழுக்கினால் அந்த இரும்பு பொட்டின்மேல் விழும்.

கத்தினால் வழுக்கும்.

ஓடிப்போய்ப் பிடுங்கினாலும் வழுக்கும்.

குரலைத் தாழ்த்தினாள்.

"தங்கம், அப்டியே புடிச்சிக்க. விட்றாத. அம்மாவும் வெளையாட வரேன்."

மகள் திரும்பவில்லை. "இது மக்குத் துப்பாக்கிம்மா. என்னுது டப்புனு வெடிக்கும். இது அசையவே மாட்டேங்குது."

"ஆமாமா, மக்குதான். விடாத, என்ன?"

"கை வலிக்குது."

"இந்தா வந்துட்டேன்."

சிதறிக் கிடந்த பொட்டுகளை மிதிக்காமல் நடந்தாள். மகளின் முதுகுக்குப் பின்னால் மெதுவாக உட்கார்ந்தாள். எண்ணெய் வைத்த தலை அவள் மோவாயில் இடித்தது.

முதலில் குழல்.

இடது கையால் அதைத் தள்ளினாள். காதிலிருந்து கழுத்துக்கு. கழுத்திலிருந்து தோளுக்கு. தோளிலிருந்து மண்சுவருக்கு.

பிறகு வலது ஆள்காட்டி விரலைப் பொட்டின்மேல் வைத்தாள்.

வைத்ததும் மகளின் கை வழுக்கியது.

சத்தம் வரவில்லை.

விரல் முனையில் மட்டும் ஏதோ நசுங்கியது.

அவன் கண் விழித்தபோதும் அவள் விரலை எடுக்காமல் உட்கார்ந்திருந்தாள்.

"அதுல பொட்டு இல்லியே புள்ள. எதுக்கு அழுவுற?"

அவள் குதிரையைத் தூக்கி விரலை எடுத்தாள். இரத்தத்தோடு பொட்டும் ஒட்டிக்கொண்டு வந்தது. அதை அவன் உள்ளங்கையில் வைத்தாள்.

அவன் அதைப் பார்த்தான். பிறகு பாயைப் பார்த்தான். துணி மூட்டையில் அவன் தலை வைத்திருந்த இடம் இன்னும் குழிந்திருந்தது.

பழைய வேட்டியைக் கிழித்து அவள் விரலில் சுற்றினான். மற்ற பொட்டுகளைப் பொறுக்கி மடியில் கட்டிக்கொண்டான். துப்பாக்கியின் வாய் வானத்தைப் பார்க்கும்படி பிடித்துக்கொண்டு வெளியே போனான். கொல்லையோரத்து மண்மேட்டில் ஆடு மாடு ஏதும் இல்லையென்று சுற்றிவந்து பார்த்தான். பிறகு மேட்டின் அடியைக் குறிவைத்தான்.

மலையே அதிர்ந்தது. மேட்டில் ஒரு கூடை மண் காணாமல் போயிருந்தது.

மகள் வாசலில் வாயைப் பிளந்து நின்றாள்.

"மக்கு இல்லம்மா."

அவன் வீட்டுக்குத் திரும்பவில்லை. பக்கத்து வீட்டு வாசலுக்குப் போனான். ஒரு பொட்டை எடுத்து உள்ளங்கையில் வைத்து நீட்டினான். என்ன சொன்னான் என்று அவளுக்குக் கேட்கவில்லை. கொஞ்ச நேரத்தில் அந்த வீட்டுக்காரர் தன் துப்பாக்கியோடு மேட்டுக்கு நடந்தார்.

இன்னொரு வெடி.

அவன் அடுத்த வீட்டுக்குப் போனான். அங்கிருந்து அதற்கடுத்த வீட்டுக்கு.

கோழிகள் முதல் வெடிக்குக் கூரை ஏறின. பிறகு இறங்கி வந்து மேயத் தொடங்கின.

கடைசியாக மேல் வீடு. அவனுடைய அண்ணன் வீடு.

அங்கே சிரிப்பு எழுந்தது. அவள் நின்ற இடம் வரை கேட்டது.

"ஏண்டா சடையா, பொண்டாட்டி அழுதான்னு ஊரு மருந்தயெல்லாம் மண்ணுல கொட்டுறியா? பொட்டு வெக்காத துப்பாக்கி ஒலக்கடா, ஒலக்க!"

அவன் நகரவில்லை. கையை நீட்டியபடியே நின்றான்.

அவள் துணி சுற்றிய விரலை நெஞ்சோடு பிடித்துக்கொண்டு மேலே பார்த்தாள்.

தீபாவளிக்கு வந்திருந்த அண்ணனின் பேரப்பிள்ளைகள் புதுத்துணியோடு அந்த வாசலைச் சுற்றிச் சுற்றி ஓடிக்கொண்டிருந்தார்கள். ஒருத்தி தூணுக்குப் பின்னால் ஒளிந்தாள். ஒருத்தன் அவள் நெற்றியில் பொம்மைத் துப்பாக்கியை வைத்தான்.

டப்.

அந்தச் சிறுமி விழுந்து செத்ததுபோல் கிடந்தாள். எல்லோரும் கைதட்டினார்கள்.

அண்ணனின் சிரிப்பு பாதியில் நின்றது.

அவர் தம்பியின் உள்ளங்கையைக் குனிந்து பார்த்தார். பிறகு குனிந்தபடியே வீட்டுக்குள் போனார்.

அவள் மகளை அருகில் இழுத்து, அவளுடைய இரண்டு காதுகளையும் பொத்தினாள்.