சிகாகோ ரொம்ப தூரம்

"சிகாகோ வேண்டாம் மச்சான். அம்புட்டு தூரம் பொண்ணை அனுப்பிட்டு என்னால இங்கன நிம்மதியா இருக்க முடியாது" என்றார் செந்தூர்பாண்டி.

திருத்தங்கல்லில் பட்டாசுக் கம்பெனி நடத்தும் அவருக்கு ஒரே மகள் கீர்த்திகா. வரனைக் கொண்டு வந்திருந்த நவநீதகிருஷ்ணன், செந்தூர்பாண்டியின் மனைவி அழகுமீனாவுக்குச் சித்தப்பா மகன். சிகாகோவில் வேலை பார்க்கும் பையனும் கீர்த்திகாவும் போனில் பேசிப் பார்த்து, இருவருக்கும் பிடித்துப்போயிருந்தது.

செந்தூர்பாண்டி எல்லாவற்றையும் விசாரித்து வைத்திருந்தார். சிகாகோவிலிருந்து தோகா வரவே பதினாலு மணி நேரம். அங்கே காத்துக் கிடந்து சென்னைக்கு ஒரு விமானம், மதுரைக்கு இன்னொன்று, அப்புறம் கார். எப்படிக் கூட்டினாலும் ஒரு நாளைக்கு மேல் ஆகிறது.

"போன வருசம் எனக்கு நெஞ்சுவலி வந்தப்போ, காலேஜ்ல இருந்து ஓடியாந்து இவதான கையப் பிடிச்சுக்கிட்டு நின்னா? நாளைக்கு எனக்கோ மீனாவுக்கோ ஒண்ணுன்னா, இவ வந்து மொகத்தப் பாக்குறதுக்குள்ள..." கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

பையனின் அண்ணியும் அங்கேதான் இருக்கிறாள், சாத்தூரில் அவள் அப்பா வழுக்கி விழுந்தார் என்று தெரிந்ததும் அன்றைக்கே அவளை விமானம் ஏற்றிவிட்டார்கள், பிள்ளைகளை வீட்டுக்காரர்தான் பார்த்துக்கொண்டார் என்று நவநீதகிருஷ்ணன் சொல்லிப் பார்த்தார். செந்தூர்பாண்டி மசியவில்லை. சிவகாசியில் அச்சாபீஸ் வைத்திருக்கும் குடும்பத்திலிருந்து பெண் கேட்டிருக்கிறார்களாம். கார் எடுத்தால் பத்து நிமிஷம், நினைத்தபோது வந்துவிடுவாளாம்.

கீர்த்திகா தலையைக் குனிந்தபடி துப்பட்டா நுனியைச் சுருட்டிக்கொண்டிருந்தாள்.

"நீயே சொல்லு மீனா. மக பக்கத்துல இருந்தாத்தான பெத்தவங்களுக்குத் தைரியம்?"

அழகுமீனா காலி டம்ளர்களைத் தட்டில் எடுத்து வைத்தாள்.

"இங்கன இருந்து விருதுநகரு எம்புட்டு தூரம்?"

"என்ன கேள்வி இது? நீ பொறந்த ஊருதான. கார்ல போனா அரை மணி நேரம்."

"எங்கம்மா ஆஸ்பத்திரியில கெடந்துக்கிட்டு, என்னைய ஒரு தடவ பாக்கணும்னு தெனமும் ஆள் விட்டாக. தீபாவளி சீசன், கம்பெனிக்கு வந்திருக்க யாவாரிகளுக்கெல்லாம் யாரு பொங்கிப்போடுறது, கடைசி லோடு போகட்டும்னு சொன்னீக."

செந்தூர்பாண்டி நிமிர்ந்து பார்த்தார்.

"அந்த அரை மணி நேரத்துக்கு எனக்கு ஒரு மாசம் ஆச்சு. நாம காரை விட்டு எறங்கும்போது, வாசல்ல சங்கு ஊதிக்கிட்டு இருந்தாக."