மூணு நாயும் ஏறிடுச்சு

நெப்ராஸ்காவுலேருந்து யூட்டாவுக்கு வீடு மாத்திப் போயிட்டிருந்தாங்க மார்லிஸும் அவ புருஷன் வெர்லினும். பின் சீட்டுல மூணு நாய். வயோமிங்ல பனிக்காத்து வண்டியை அறைஞ்சுகிட்டே இருந்துச்சு.

"ரெண்டு நாள் பொறுத்துக் கெளம்பலாம்னேன். என் பேச்சு எங்க எடுபடுது?"ன்னா மார்லிஸ்.

"வாயை மூடு, ரோட்டைப் பாக்க விடு."

நேத்து ராத்திரி தங்கின ரோட்டோர மோட்டல்ல ரெண்டு நாய்க்குத்தான் அனுமதி. கிழட்டு நாய் கஸ்ஸைப் பின்வாசல் வழியா ஒளிச்சுத்தான் உள்ள கொண்டுபோனாங்க. காலைல கெளம்புறப்போ மார்லிஸ் திரும்பி எண்ணினா. மூணும் இருந்துச்சு.

அரைமணி நேரம் ஓடியிருக்கும். பனியால, வந்த ரோட்டைப் பின்னாடி மூடிட்டதா ரேடியோவுல சொன்னாங்க. அப்பதான் மோட்டல்காரி மார்லிஸுக்குப் போன் பண்ணினா.

"ரெண்டுன்னு பொய் சொல்லிட்டு, மூணாவதைக் குளியலறையில விட்டுட்டுப் போறீங்களே, மனுஷங்களா நீங்க? கழுத்துப் பட்டையில கஸ்னு பேரு, உங்க நம்பரு எல்லாம் இருக்கு."

"எங்க கஸ் இங்கதாங்க இருக்கு."

போன்ல ஒரு நாய் கரகரன்னு கொரைச்சுது. மார்லிஸ் குரலைக் கேட்டா கஸ் அப்படித்தான் கொரைக்கும்.

"நீதானே கஸ்ஸைக் கூட்டிட்டு வந்தே?"ன்னு வெர்லின்கிட்ட கேட்டா.

"நானா? நீன்னுல்ல நெனைச்சேன்."

"வண்டியைத் திருப்பு, வெர்லின்."

"எங்க திருப்புறது? மூடிட்டாங்களே."

பின்னாடி ரெண்டு நாயும் ஒரே கதவோரமா ஒண்டி நடுங்கிட்டிருந்துச்சு. மூணாவது எந்திரிச்சு, அவ தோள்ல மோவாயை வச்சுது. அதோட மூச்சு கழுத்துல பட்டுச்சு. வெளிக்காத்து மாதிரி ஜில்லுன்னு இருந்துச்சு.