நிபுணரிடம் ஒரே கேள்வி

கிட்ட வந்து உட்காருங்க கண்ணுங்களா, கடலூர் கோர்ட்டில் நடந்த கதை ஒன்று சொல்கிறேன்.

தன் தெருக் கிணற்றைக் கெடுத்த ரசாயன ஆலைமேல் சௌந்தரம் போட்ட வழக்கு கடைசிக் கட்டத்துக்கு வந்திருந்தது. அவளுடைய வக்கீல் இலக்கியா படபடத்தாள்.

“தண்ணி சுத்தம்னு சொல்ல நிபுணர் ஒருத்தரக் கொண்டாந்துட்டாங்கம்மா! தமிழ்மாறனாம். பேரையே இன்னைக்குத்தான் குடுக்குறாங்க. இவ்ளோ லேட்டா வந்த சாட்சி வேணாம்னு ஜட்ஜ்கிட்ட சொல்லிடுறேன்.”

சௌந்தரம் முந்தானையை இழுத்துச் செருகினாள். “வேணாம்மா, ஏறட்டும். படிச்சவரு என்னதான் சொல்றாருன்னு கேப்போம்.”

“மடக்குறதுக்கு எங்கிட்ட கேள்வியே இல்லியே!”

“எங்கிட்ட ஒண்ணு இருக்குது.” காதோடு சொன்னாள்.

கூண்டேறிய நிபுணர், கிணற்றுநீர் குடிக்க உகந்தது என்று அடித்துச் சொன்னார்.

இலக்கியா எழுந்தாள். “அப்ப அந்தத் தெருவுல ஒரு வீட்டுக்கு மட்டும் நீங்க ஏன் சார் தெனம் கேன் தண்ணி அனுப்புறீங்க? யாரு வீடு அது?”

நிபுணரின் பார்வை பின் பெஞ்சிலிருந்த சௌந்தரத்திடம் போய் நின்றது. அவள் கண்ணை எடுக்கவில்லை.

“எங்கம்மா வீடு,” என்றார். “அந்தத் தண்ணி குடிக்க ஆவாதுங்க.”

உங்கள் வீட்டுத் தண்ணீர் என்றும் இனிக்கட்டும். பெற்ற பிள்ளைகள் உங்கள் முகம் பார்த்துப் பேசட்டும்.